பொழுது சாய்வதற்குள் ஐந்தாவது பெட்டி

நாலாவது பெட்டி கிடைத்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம், ஐந்தாவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று நல்லசிவம் வெகுநேரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் எல்லாம் சுத்தமாகத்தான் வந்தது. வாயைத் திறந்தால் "அங்கன பாரு, அந்தக் கல்லுக்கு அடியில பாரு" என்றுதான் வந்தது. கோமதி குனிந்து கல்லறைத் தோட்டத்துச் சுவரோரத்தில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயது. கையில் அவருடைய போன், போனில் ஓர் அம்புக்குறி, அந்த அம்புக்குறி சொன்னால் போதும், அப்பன் சொல்வதெல்லாம் அப்புறம்தான். ஜியோகேஷிங் என்று பெயராம் இந்த விளையாட்டுக்கு. யாரோ ஒருத்தர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டு இடத்தை மட்டும் போனில் போட்டுவிடுவார். ஊர் பேர் தெரியாதவர்கள் போய்த் தேடவேண்டும். கிடைத்தால் உள்ளே சுருட்டி வைத்திருக்கிற காகிதத்தில் பெயரை எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். எடுக்கக் கூடாத ஒன்றைத் தேடுவதற்குத் திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, ஓட்டிக்கொண்டு என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. போகும்போதும் ஓட்டவேண்டும். சுவரின் நிழல் கோமதியின் செருப்பைத் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுடைய முட்டிக்கு வரும். அது வருவதற்குள் காரில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்குநேரிக் கிளைச்சாலையோ தூத்துக்குடி நாலுவழிச் சாலையோ எதைப் பிடித்தாலும் சரி, வெளிச்சம் இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்ற இடத்துக்கு மட்டும் அவர் போகமாட்டார். அதற்கு முன்பே மனசைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் சுவரின் நிழலில் விடுவார்.

பழையதுறை என்று ஊருக்குப் பெயர் இருக்கிறதே தவிர துறை கிடையாது. கடல் எப்போதோ மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுக் கிழக்கே நகர்ந்துவிட்டது. இப்போது உடைமரமும் உப்புப் பொரிந்த தரையும்தான். காலையில் முதல் பெட்டி இடிந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் கிடைத்தது. பெட்டிக்குள் ஊர்க் கதையை நாலு வரியில் எழுதி வைத்திருந்தார்கள். கப்பல் நின்றுபோன பிறகும் பல வருஷம் இந்த விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஏற்ற வேண்டாம் என்று மேலேயிருந்து யாரும் உத்தரவு அனுப்பவில்லை என்று எழுதியிருந்தது. கோமதி அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது, உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கியின் சுவரில். மூன்றாவது, கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொடுத்த கிணற்றின் உறையில். அதுவரைக்கும் நல்ல வெயில். நல்ல வெயிலில் அவர் ராஜா. கிணற்றுப் பெட்டியை அவர்தான் முதலில் பார்த்தார், "அப்பா சூப்பர்ப்பா" என்றாள், அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மத்தியானம் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடியது. நேராகப் பார்த்தால் அவருக்கு எல்லாம் தெரியும். பாலிடெக்னிக்கில் கரும்பலகையில் எழுதுகிற கணக்கும் தெரியும், கடைசி பெஞ்சில் போனை நோண்டுகிறவனும் தெரியும். ஓரத்தில்தான் இல்லை. ஓரம் எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை, இந்த ஊர்க் கடல் மாதிரி ஒருநாளும் போவதாகத் தெரியாமல் போயிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் ரயில்வே கேட் பக்கத்தில், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாழைக்கட்டு ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த மனுஷர் இடப்பக்கம் இருந்தாரா இல்லையா என்பதே கார்க் கண்ணாடியில் கட்டு இடித்த பிறகுதான் தெரிந்தது. "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கேட்டார் அந்த மனுஷர். தெருவில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். நல்லசிவத்துக்கு மட்டும் அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் மதுரையில் கண்ணாஸ்பத்திரிக்கு யாருக்கும் சொல்லாமல் போனது. இருட்டறையில் தாடையை ஒரு கம்பியில் வைக்கச் சொல்லி, ஒளியைக் கண்ணுக்குள் அடித்து, அந்தப் பெண் டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசியில் ஏதோ இரண்டு நீளமான இங்கிலீஷ் வார்த்தை சொன்னாள். அவர் முழித்ததைப் பார்த்துவிட்டு, "மாலைக்கண்ணுல ஒரு வகை சார், விழித்திரை ஓரத்துலயிருந்து போய்க்கிட்டே வரும்" என்றாள். மாலைக்கண். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி எவ்வளவு அழகான பெயர். மருந்து என்று வாயைத் திறப்பதற்குள், "மருந்து கிடையாது, ராத்திரி வண்டி ஓட்டாதீங்க, பழகிக்கணும்" என்று முடித்துவிட்டாள். அவர் எழுந்திருக்கப் போனார். அப்போதுதான் கேட்டாள், "சொந்தத்துலயா கட்டியிருக்கீங்க?" ஆமாம் என்றார். ஏதோ பெருமையாகத்தான் சொன்னார், எப்போதும் அப்படித்தான் சொல்லி வழக்கம். "மாமா பொண்ணு." "உங்க அப்பா அம்மா?" "அவங்களும் சொந்தந்தான்." டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தாள். பேனாவை வைத்த சத்தம் இன்னும் கேட்கிறது. "பிள்ளைங்க?" "ஒரே பொண்ணு." "கூட்டிட்டு வாங்க சார், பாத்துருவோம்." சீக்கிரம் தெரிந்துகொண்டால் நல்லது என்றாள். மருந்தில்லாததைச் சீக்கிரம் தெரிந்துகொண்டால் என்ன நல்லது என்று அவர் கேட்கவில்லை. சரி என்றார். இரண்டு மாதமாகச் சரி சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். அரைப் பரீட்சை முடியட்டும், தைப்பொங்கல் கழியட்டும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மனைவியிடம் எப்படிச் சொல்வது, அவள்தானே அந்தச் சொந்தம்.

சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்றுதான் செய்தார்கள். வேறொன்றும் தப்பான எண்ணமில்லை. குழல்வாய்மொழியை அவருக்குக் கட்டிவைத்தபோது மாப்பிள்ளைக்குச் சொன்ன பெருமை என்ன தெரியுமா? பொழுது சாய்ந்தால் பிள்ளை வீட்டுப்படி தாண்டாது. சிநேகிதக்காரன், சினிமா இரண்டாம் ஆட்டம், பஸ் ஸ்டாண்டு டீக்கடை, ஒன்றும் கிடையாது. அப்படியே மாமா மாதிரி. மாமாவும் அப்படித்தான். சங்கரன்கோவில் பக்கத்தில் அவருக்கு அந்தப் பெயரே இருந்தது. ஆறு மணிக்கு மேல் அண்ணாச்சியைத் தெருவில் பார்க்க முடியாது, எவ்வளவு ஒழுக்கமான மனுஷர். ஆடித் தபசுக்கு ஊரே தெருவில் நிற்கும்போதுகூட மாமா வீட்டுக்குள் திருவாசகம் படித்துக்கொண்டிருப்பார். பக்தி என்றார்கள். கண் தெரியவில்லை என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள், யார் பெண் எடுப்பார்கள். அல்லது ஒருவருக்குமே தோன்றவில்லையோ? இரண்டு தலைமுறையாக ஒரு வீட்டு ஆண்கள் சாயங்காலமானால் குருடாகியிருக்கிறார்கள், வீடு அதைப் பார்த்து ஒழுக்கம் ஒழுக்கம் என்று பூரித்துப் போயிருக்கிறது. இதை நினைத்தால் முதலில் சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும், கோபப்பட ஆள் கிடையாது. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா போய்விட்டார். அம்மா இருக்கிறாள், அவளிடம் போய் என்னத்தைக் கேட்பது, தம்பி மகளைக் கட்டிவைத்தாயே என்றா? "நல்லா இருக்கியளா, பிள்ள நல்லா படிக்கா?" என்று கேட்பாள். கோமதியைப் பற்றிச் சொல்லும்போதும் அம்மா அதே ஒழுக்கத்தைத்தான் சொல்கிறாள் என்பது இப்போது ஞாபகம் வந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா, விளக்கு வைத்துவிட்டால் வாசலுக்குப் போகிறதில்லை, அடக்கம்னா அடக்கம். நல்லசிவம் சுவரைப் பிடித்துக்கொண்டார். இல்லை. அது வேறு. பெண்பிள்ளைகளைப் பற்றி எல்லாப் பாட்டிகளும் அப்படித்தான் சொல்வார்கள். அது வேறு.

"கெடச்சிட்டுப்பா!" என்று கோமதி கத்தினாள். ஒரு பழைய கல்லறைக் கல்லின் பின்னால், கண்ணாடிச் சீசா மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா. டச்சுக்காரர் யாரோ ஒருவருடைய இரண்டு வயதுக் குழந்தைக்கு வைத்த கல். பெயர் பாதி அழிந்திருந்தது. அவள் காகிதத்தில் தன் பெயரை எழுதினாள், கீழே 'அப்பா' என்றும் எழுதினாள், நல்லசிவம் என்று எழுதவில்லை. இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவர் தொண்டையைச் செருமினார். அவள் அதற்குள் அடுத்த குறிப்பை வாசித்துவிட்டாள். "கடைசிப் பெட்டி மியூசியத்துக்குள்ளப்பா! வரியும் வட்டியும் வாங்கிய வீட்டில், படியேறாத இடத்தில் தேடு. வரின்னா கஸ்டம்ஸ் ஆபீஸ்லா, அதான இப்ப மியூசியம்?" முகம் பூராவும் வெயில். நாளை முடித்துவிடலாம் என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? போன் அடித்தது. குழலி. "அத்தான், கெளம்பியாச்சா? பொழுது சாயப் போவுதுல்லா." தினம் இதே நேரத்துக்கு இதே கேள்வி. பாலிடெக்னிக்கில் இருந்தாலும் கடையில் இருந்தாலும் ஐந்து மணியானால் பொழுது சாயப் போவுதுல்லா. கல்யாணமான நாளிலிருந்து இது ஒரு தொந்தரவு. "இந்தா கெளம்பிட்டோம்" என்றார். எதற்குப் பொய் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. மியூசியம் இரண்டு தெரு தள்ளித்தான். ஓடிப் போய் எடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம், வெளிச்சம் அதுவரைக்கும் தாங்கும். தாங்கும் என்று அவர் சொன்னால் தாங்கிவிடுமா?

தாங்கவில்லை, ஏனென்றால் மியூசியம் பூட்டியிருந்தது. எதிர்த்த வீட்டு அம்மாள், "ஜெசிந்தா பிள்ளையக் கூப்பிடப் போயிருக்கா, வந்துருவா" என்றாள். வந்துருவா என்பதற்கு இந்த ஊரில் எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. படியில் உட்கார்ந்தார்கள். கோமதி காலை ஆட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அனிதா டீச்சர் சொன்ன கதை, இன்னொருத்தி சொன்ன கதை என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவர் ஆமாம் ஆமாம் என்றார். மாதா கோவில் கோபுரத்தின் உச்சியில் மட்டும் வெயில் இருந்தது. இப்போது கிளம்பினால்கூட ஆற்றுப்பாலம் வரைக்கும் போய்விடலாம். ஆற்றுப்பாலத்துக்கு அப்புறம்? லாரிகள் எதிர்வெளிச்சம் அடிக்கும். அடித்தபிறகு கொஞ்ச நேரம் உலகமே இருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்தில் கார் போய்க்கொண்டுதான் இருக்கும், பின் சீட்டில் இவள் காலை ஆட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். மனசைப் பிடித்து இழுத்தார், இந்தத் தடவை அது வரவில்லை. சைக்கிளில் வாழைக்கட்டு இல்லை, கோமதி வயசில் ஒரு பிள்ளை நின்றால்? இங்கேயே தங்கிவிடலாமா, இந்த ஊரில் லாட்ஜ் இருக்கிறதா, இருந்தாலும் ஏன் தங்குகிறோம் என்று குழலி கேட்பாளே. வண்டி ரிப்பேர் என்று சொல்லலாம். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்று இவள் சொல்லிவிடுவாள். பஸ்ஸில் போகலாம். காரை எங்கே விடுவது? ஒவ்வொரு வழியாகப் போய்ப் போய் எல்லா வழியும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த வாக்கியத்தை அவர் மனசுக்குள்கூட முழுசாகச் சொன்னதில்லை. அப்போது ஸ்கூட்டரில் ஒரு பெண், பின்னால் யூனிபார்மோடு தூங்கிவழிகிற குழந்தை, வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். "மன்னிச்சுக்கிடுங்க சார், இவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். பெட்டி தேடித்தான வந்திருக்கீங்க? உள்ள வாங்க, அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வந்துருங்க, நான் பூட்டணும்" என்று சாவிக்கொத்தை எடுத்தாள். ஜெசிந்தா இவள்தான். குழந்தையை எதிர்த்த வீட்டில் விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

உள்ளே உப்பும் வவ்வாலும் பழைய மரமும் சேர்ந்த ஒரு வாசனை. ஆள் வந்தால்தான் விளக்குப் போடுவார்களாம். ஜெசிந்தா சுவிட்சைத் தட்டினாள், ஒரு டியூப்லைட் துடித்துத் துடித்து எரிந்தது. நங்கூரம் ஒன்று. முத்து சலிக்கிற பித்தளைச் சல்லடைகள், ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி. சங்கு, டச்சு ஓடு, யாரோ ஒரு துரையின் மேஜை. எல்லாவற்றுக்கும் கீழே சீட்டு ஒட்டியிருந்தது. கோமதி ஒவ்வொரு சீட்டையும் வாசித்தாள், மூக்கை அதில் தொடுகிற மாதிரி குனிந்து. இங்கேதான் அவருடைய மனசில் முதலில் ஏதோ தட்டியது. ஏன் அவ்வளவு குனிகிறாள்? எழுத்து சின்னது. எழுத்து சின்னதுதான், அவருக்கே வாசிக்க முடியவில்லை. அவருக்கு முடியாதது ஒரு கணக்கா? ஜெசிந்தா நின்ற இடத்திலிருந்தே, "அந்தச் சல்லடையில ஓட்டைய வெச்சுத்தான் முத்துக்கு வெல போடுவாங்க பாப்பா, சீட்டுல போட்ருக்கு பாரு" என்றாள். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிற வாசலில் கோமதி நின்றாள். "அப்பா, நீங்க முன்னால போங்க" என்றாள். மரியாதை. நல்ல பிள்ளை. பெரியவர்களை முன்னால் விடுகிற பிள்ளை. ஆனால் நல்லசிவத்துக்கு அந்த வாக்கியத்தைத் தெரியும். சின்ன வயசிலிருந்து தெரியும். கல்யாண வீட்டு மண்டபங்களில், இருட்டுச் சந்துகளில், பந்தி நடக்கிற கூடத்தில், முன்னால் நீங்க போங்க, முன்னால் நீங்க போங்க என்று சொல்லிச் சொல்லியே அவர் மரியாதைக்காரர் என்று பெயரெடுத்தவர். முன்னால் போகிறவருடைய முதுகு ஒரு நிழலாகத் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். இவள் எங்கே கற்றாள்? யாரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தராமலேயே வருகிறது. சும்மா இருக்கச் சொல்லித் தன்னையே அதட்டிக்கொண்டார். சினிமா தியேட்டரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியேறுவாளே, பயந்தாங்கொள்ளி என்று கேலிசெய்வாரே. பாத்ரூம் விளக்கை அணைக்கமாட்டாளே, கரண்டு பில் என்று சத்தம் போடுவாரே. தீபாவளிக்கு எல்லாரும் மொட்டைமாடிக்குப் போனபோது தலைவலி என்று கீழேயே உட்கார்ந்திருந்தாளே. ஒவ்வொன்றாக வந்தது. நிறுத்த முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வந்தது.

படியேறாத இடம் என்றால் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பொட்டறை. அதில் விளக்கு இல்லை. மேலே ஒரு சின்ன ஜன்னல் மட்டும். கோமதி வாசலோடு நின்றுகொண்டு, "நீங்க எடுங்கப்பா, நான் இங்கன நிக்கேன்" என்றாள். ஐந்து பெட்டியில் கடைசிப் பெட்டி. காலையிலிருந்து இதற்காகத் துடித்தவள். அவர் உள்ளே போனார், கையை நீட்டித் துழாவினார், சுவர், சாக்கு, ஏதோ பித்தளை, ஒட்டடை. கண்ணை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் கறுப்புதான். "டார்ச் போடுட்டி" என்றார். "பேட்டரி கம்மியா இருக்காம், டார்ச் வராதுங்குதுப்பா. நாள் பூரா அம்புக்குறி போட்டேம்லா." அவள் கையும் சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. அவருடைய கையின்மேல் பட்டது. சின்ன, வேர்த்த கை. பட்ட உடனே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்படியே நின்றார்கள். நாம் இரண்டு பேரும் இங்கே நிற்பது யாருக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். பயமாக இருந்தது, அவருக்கு இவ்வளவு பயம் இதுவரைக்கும் வந்ததில்லை. அப்போது ஜெசிந்தா வந்தாள், வாசலில் கொஞ்சம்கூடத் தயங்காமல் உள்ளே வந்து, அவர்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போய், எங்கிருந்தோ பெட்டியை எடுத்தாள். "இந்தாங்க. மாடக்குழியில இருக்கு. ஜன்னல் வெளிச்சம் இருக்குல்லா" என்றாள். ஜன்னல் வெளிச்சம். கோமதி சிரித்தாள், "அக்காவுக்குப் பழகின இடம்ப்பா, அதான்" என்றாள். ஆமாம், பழகின இடம். நல்லசிவம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பழகின இடத்தில் யாருக்கும் தெரியும். பழகாத பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாளைக்கே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால், இவளுக்கு ஒன்றுமில்லை என்று அந்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். சொல்லிவிடுவாளா? கூடத்து டியூப்லைட்டுக்கு அடியில் கோமதி காகிதத்தில் பெயர் எழுதினாள். 'அப்பாவும் நானும்' என்று எழுதினாள். எழுத்து நேராகத்தான் இருந்தது. எழுத்து நேராக இருந்தால் என்ன அர்த்தம்? ஒன்றும் அர்த்தமில்லை. அவருடைய எழுத்தும் நேராகத்தான் இருக்கும்.

வெளியே வந்தபோது பொழுது போயிருந்தது. ஒரே ஒரு தெருவிளக்கு, அதுவும் அவருக்கு ஆகாயத்தில் ஒட்டிவைத்த மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது, அதற்குக் கீழே தெரு இல்லை. காரை எங்கே நிறுத்தினார்? வேப்பமரத்தடியில். வேப்பமரம் எங்கே? நாலு எட்டு வைத்தார், கால் ஏதோ கல்லில் இடறியது, நின்றுவிட்டார். முடியாது. இவ்வளவு நாளாகச் சுற்றிச் சுற்றி வந்த அந்த இடத்துக்கு மனசு வந்து சேர்ந்துவிட்டது, இனிமேல் திருப்பிக்கொண்டு போக இடமில்லை. சாவியைத் திருகினால் இவளைக் கொன்றுவிடுவேன். அவ்வளவுதான் விஷயம். கோமதியிடம் போனை வாங்கினார், மனைவியின் படத்தைத் தொட்டார். "அத்தான், எங்க வந்திருக்கிய? பாலம் தாண்டியாச்சா?" என்றாள் குழலி. "குழலி" என்றார். அந்த வாக்கியம் எப்படி ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியாது. தானாகவே ஆரம்பித்தது. "என்னால வண்டி ஓட்ட முடியாது. கண்ணு தெரியல. இன்னைக்குன்னு இல்ல, ரொம்ப நாளா. மதுரையில காட்டுனேன். இன்னும் பழையதுறையிலதான் நிக்கோம்." என்ன சொல்லுதிய என்று அலறுவாள், அழுவாள், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்பாள், அதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கிறதா என்று தேடினார். அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டிவி நின்றது.

"கோமதிக்கு?" என்று கேட்டாள்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கா என்று கேட்கவில்லை, எப்போதிருந்து என்று கேட்கவில்லை. அப்படியானால் இவளுக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்து வளர்ந்த பெண். தினம் ஐந்து மணிக்குப் பொழுது சாயப் போவுதுல்லா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். பதினைந்து வருஷமாக இவரைக் காப்பாற்றி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, பதிமூன்று வருஷமாகப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். தனியாக. இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாக. "அத்தான், கேக்கேன்லா. கோமதிக்கு?" இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று நல்லசிவம் வாயைத் திறந்தார். அவளுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள், ஐந்து பெட்டியும் எடுத்துவிட்டாள், மூன்றை அவளேதான் கண்டுபிடித்தாள். அப்படிச் சொல்வதற்காக மகளைப் பார்க்கத் திரும்பினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கறுப்பாக இருந்தது.

"அப்பா" என்றாள் கோமதி, ரொம்பப் பக்கத்திலிருந்து. "அப்பா, எங்க நிக்கீங்க? சத்தங் குடுங்கப்பா."

மியூசியத்துக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா சிரித்தாள். "என்ன பாப்பா வெளாடுத? அப்பா உனக்கு நேர முன்னாலதான நிக்காரு, கைய நீட்டினா மேல படும்" என்றாள்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. குழலிக்கும் அது கேட்டிருக்கும்.